பழைய இராணுவ லொறியின் பின்னால் எதைப் பூட்டுவது?

ஏலத்தில் கழிந்து வரும் பழைய இராணுவ லொறியை வாங்குகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றி விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதுக்குப் பின்னால பெட்டி கொளுவலாமோ?" பெட்டி என்றால் பின்னால் இழுபட்டு வரும் ட்ரெயிலர். தாராளமாகக் கொளுவலாம். அந்த லொறிகளை உருவாக்கியதே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு பின்னால் பீரங்கியையோ தண்ணீர்ப் பெட்டியையோ இழுக்கத்தான். எந்தக் கொழுக்கியால் கொளுவுவது, அதை லொறியில் எந்த இடத்தில் பூட்டுவது என்பதில்தான் பலரும் அவசரப்பட்டு முடிவெடுக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லொறியின் பின் சட்டத்தில் இருக்கும் கொழுக்கியில் கைவைக்க வேண்டாம். மாற்ற வேண்டியது பெட்டியின் மூக்கை, அதாவது கொழுக்கியில் கொளுவும் அதன் முன் முனையை. இதற்கு விலக்கான சந்தர்ப்பங்கள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

வன்னியில் இழுக்க வேண்டியவை என்னென்ன என்று பார்த்தால் பட்டியல் நீளம் இல்லை. ஆவணி, புரட்டாதியில் கிணறுகள் வற்றும்போது தண்ணீர்ப் பவுசர். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிய நெல் மூட்டை ஏற்றிய பெட்டி. முல்லைத்தீவுக் கரையில் என்றால் படகு. இடையில் ஒரு ஜெனரேற்றர், ஒரு கல்லுடைக்கும் கொம்பிரசர், பழுதாகி நின்ற இன்னொரு வாகனம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு முனையோடு வரும். பவுசருக்கும் நெல் பெட்டிக்கும் உழவு இயந்திரத்தில் பூட்டுகிற ஊசித் துளை, சின்ன ட்ரெயிலருக்கு இரும்புக் குண்டின் மேல் கவிழ்த்துப் பூட்டும் கிண்ணம், இராணுவ ட்ரெயிலருக்குத் தடித்த வளையம். ஒரே லொறி எல்லாவற்றையும் இழுக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பூட்டுவதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. இழுக்கத்தான் வேண்டுமா? எஞ்சின் நாலு சில்லையும் சுழற்றும் அசோக் லேலண்ட் ஸ்டாலியன் வகை லொறி, கரடுமுரடான பாதையிலேயே ஐந்து தொன் ஏற்றக்கூடியது. பழைய பெட்போர்ட் எம்.கே. நாலு தொன்னுக்கு. 3000 லீற்றர் தண்ணீர் மூன்று தொன்தான். தாங்கியைத் தூக்கி லொறித் தட்டில் வைத்து நான்கு மூலையும் இறுக்கிவிட்டால் கொழுக்கியும் வேண்டாம், பெட்டிக்குத் தனிப் பிரேக்கும் வேண்டாம். முழுப்பாரமும் லொறியின் சொந்தப் பிரேக்கில் நிற்கும். பாதித் தாங்கியோடு வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி லொறியைச் சரிக்கப் பார்க்கும் என்பதால், உள்ளே தடுப்புத் தகடுகள் கட்டாயம். தண்ணீர் விநியோகம் மட்டும்தான் வேலை என்றால் இந்த வழியை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் பெட்டிக்கு ஒரு வசதி உண்டு. அதைக் கழற்றி விட்டுவிட்டு வரலாம். பள்ளிக்கூட வளவில் பவுசரை நிறுத்திவிட்டு லொறி வேறு வேலைக்குப் போகலாம். வயலில் ஒரு பெட்டி நிரம்பிக்கொண்டிருக்க, நிரம்பிய பெட்டியை லொறி ஆலைக்குக் கொண்டுபோகலாம். கமக்காரர் அமைப்புகள் கூட்டாக லொறி வாங்கும்போது இந்த வசதிக்காகத்தான் இழுவையைத் தேடுகிறார்கள். அந்தத் தேவை நியாயமானது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இனி வருவது.

லொறியோடு வரும் கொழுக்கி

இராணுவ லொறியின் பின்பக்கம், சேசியின் கடைசிக் குறுக்குச் சட்டத்தின் நடுவில், வாய் திறந்து மூடும் ஒரு கனமான இரும்புக் கொழுக்கி இருக்கும். மேல்தாடையைத் தூக்கி வளையத்தைப் போட்டு, தாடையை விழுத்தி, பூட்டு ஊசியைச் செருக வேண்டும். அதன் தண்டு குறுக்குச் சட்டத்தின் ஊடாகப் போய் மறுபக்கம் பெரிய நட்டில் நிற்கும். சிலவற்றில் இடையில் ரப்பர் அல்லது வில் இருக்கும், அது குலுக்கலை வாங்கிக்கொள்ளும். நேட்டோ அளவில் செய்தவை உள் விட்டம் 76 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் உள்ள வளையத்தைப் பிடிக்கும்.

இதன் பெரிய நன்மை, கொழுக்கி தன் அச்சில் சுழலும். பெட்டி ஒரு பள்ளத்தில் இறங்கிச் சரிந்தாலும், ஏன், முழுதாகக் குடைசாய்ந்தாலும்கூட, அந்த முறுக்கு லொறியின் சேசிக்குப் போகாது. மழைக்கு அரித்துப்போன கிரவல் றோட்டிலும் குளக்கட்டிலும் ஓடுகிறவர்களுக்கு இது சாதாரண விசயம் அல்ல. லொறியின் ஒரு சில்லு மேட்டிலும் பெட்டியின் மறு சில்லு கிடங்கிலும் நிற்கும் கணங்கள் அங்கே நாளாந்தம் வரும்.

குறைகளும் உண்டு. வளையத்துக்கும் கொழுக்கிக்கும் இடையில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் "டக்" என்று இடிக்கும். கிரீஸ் பூசாமல் ஓடினால் கொழுக்கியின் அடிவளைவும் வளையத்தின் உட்பக்கமும் சேர்ந்து தேயும். வாங்கும்போது அடிவளைவில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விளிம்பு கட்டி நிற்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் கொழுக்கி தன் காலத்தை முடித்துவிட்டது. கொழுக்கியைக் கையால் சுழற்றவும் பாருங்கள். பல காலம் மழையில் நின்ற லொறியில் அது இறுகிப்போயிருக்கும். இறுகிய கொழுக்கி சுழலாத கொழுக்கிதான், மேலே சொன்ன நன்மை எதுவும் கிடைக்காது. கழற்றி, துருவெடுத்து, கிரீஸ் ஏற்றினால் பெரும்பாலும் சரிவரும்.

இன்னொரு குறை உயரம். லொறியின் கொழுக்கி கிட்டத்தட்ட ஒரு ஆளின் இடுப்புக்குக் கிட்ட நிற்கும். உழவு இயந்திரப் பெட்டியின் மூக்கு முழங்கால் மட்டத்தில். இந்த வித்தியாசத்தை எந்தப் பக்கத்தில் சரிசெய்வது என்பதுதான் முழு முடிவையும் தீர்மானிக்கிறது.

லொறியில் தட்டு இறக்குவது

கராஜில் கேட்டால் சட்டென்று வரும் பதில்: "அண்ணை, ஒரு தட்டை வைச்சுக் கீழ இறக்கி வெல்டிங் அடிச்சு விடுறன், காணும்." லொறியின் குறுக்குச் சட்டத்திலிருந்து ஒரு தடித்த தகட்டைக் கீழே இறக்கி, அதில் உழவு இயந்திரத்தில் இருப்பதுபோல் கவைத்தாடையும் (பெட்டியின் முனை நுழையும் இரட்டைத் தகட்டு வாய்) அதை ஊடறுத்துப் பூட்டும் ஊசியும் வைப்பது. பெட்டியில் எந்த மாற்றமும் வேண்டாம், யாருடைய பெட்டியையும் கொளுவலாம். கேட்க நன்றாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இழுவைப் பொறிமுறைக்கு வரும் விசையை மதிப்பிட உலகெங்கும் ஒரு சூத்திரம் பயன்படுகிறது. அதை டி பெறுமானம் என்பார்கள். லொறியின் நிறையையும் பெட்டியின் நிறையையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81 ஆல் பெருக்க வேண்டும். லொறி 7 தொன், தண்ணீர் நிரம்பிய 4000 லீற்றர் பவுசர் தன் இரும்போடு சேர்த்து 5.2 தொன் என்று வையுங்கள். விடை சுமார் 29 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய மூன்று தொன் விசை. இது நேராகக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் வந்தால் லொறி தாங்கும், அதற்காகவே கட்டியது.

இப்போது அதே மூன்று தொன்னை 40 சென்ரிமீற்றர் கீழே இறக்குங்கள். தகட்டைப் பிடித்திருக்கும் மேல் போல்ட் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் 15 சென்ரிமீற்றர் என்றால், நெம்புகோல் கணக்கில் அந்த மூன்று தொன் எட்டுத் தொன்னாக மாறி போல்ட் வரிசையை இழுக்கும். குறுக்குச் சட்டத்தையே முறுக்கும். கியர் மாற்றும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் திசைமாறி, திரும்பத் திரும்ப. இரும்பு ஒரே இழுவையில் அறுவதைவிட, இப்படி முன்னும் பின்னும் ஆடி மயிரிழை வெடிப்பு விட்டு அறுவதுதான் அதிகம்.

அந்த வெடிப்பு எங்கே தொடங்கும் என்பதும் தெரிந்த விசயம். வெல்டிங் ஒட்டின் ஓரத்தில். லொறியின் சேசி சாதாரண மென்னிரும்பு அல்ல. வளைந்து கொடுத்து மீளும்படி செய்த வலிமை கூடிய உருக்கு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தக் குணம் கெட்டுவிடும். ஒட்டு அழகாக, மீன் செதில் மாதிரி வரிசையாக இருக்கும், அதன் விளிம்பிலிருந்து ஒரு தலைமயிர் அளவு துருக்கோடு புறப்பட்டு மேலே ஏறும். பெயின்ற் பூசியிருந்தால் அதுவும் தெரியாது. அதனால் சேசியில் வெல்டிங் அடிக்கவே கூடாது. மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவும் கூடாது, பாரத்தைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான். துளை தேவை என்றால் நிமிர்ந்த பக்கச் சுவரில், விளிம்பிலிருந்து தள்ளி.

இவ்வளவு இருந்தும் தட்டு இறக்கித்தான் ஆக வேண்டியவர்கள் உண்டு. வாடகைக்கு இழுவை ஓடுகிறவர் அப்படி. இன்று ஒருவருடைய பெட்டி, நாளை இன்னொருவருடையது, எல்லாப் பெட்டியின் மூக்கையும் அவர் மாற்ற முடியாது. அவர் செய்ய வேண்டியது இதுதான். தட்டின் கீழ் முனையிலிருந்து முன்பக்கமாக இரண்டு சாய்வுத் தாங்கு சட்டங்கள் போய், இடப்பக்க, வலப்பக்கச் சேசி இரண்டிலும் அடுத்த குறுக்குச் சட்டத்துக்குக் கிட்டப் போல்ட்டால் பூட்டப்பட வேண்டும். அப்போது முறுக்கு, குறுக்குச் சட்டம் ஒன்றின் தலையில் மட்டும் விழாமல் சேசி முழுவதற்கும் பகிரும். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரத்தைக் காட்டும் எண் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டைக் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் வாங்காதீர்கள். ஊசிக்கு மேல் பக்கம் தலையும், கீழ்ப்பக்கம் விழாமல் பூட்டும் கிளிப்பும் வேண்டும். கம்பித் துண்டை வளைத்துச் செருகி ஓடுவது வழக்கமாகிவிட்டது. அதை விட்டுவிட வேண்டும்.

பெட்டியின் மூக்கை மாற்றுவது

இனி நான் விரும்பும் வழி. பெட்டியின் சட்டம் சாதாரண மென்னிரும்பு. அதில் நம்பி வெல்டிங் அடிக்கலாம், தவறினால் வெட்டிப் புதிதாக அடிக்கலாம். பெட்டியின் முன் முனையில் நிமிர்ந்த ஒரு சனல் இரும்பைச் சரியான தாங்கு சட்டங்களோடு நிறுத்தி, அதில் மேலிருந்து கீழாகச் சோடி சோடியாகத் துளைகள் போடுங்கள். முனைத்துண்டை அந்தச் சனலில் போல்ட்டால் பூட்டுங்கள். லொறிக்குக் கொளுவும் நாளில் மேல் துளைகளில் 76 மில்லிமீற்றர் வளையம். உழவு இயந்திரத்துக்குக் கொளுவும் நாளில் அதைக் கழற்றி, கீழ்த் துளைகளில் ஊசித் துளை முனை. நெம்புகோல் விசை இங்கேயும் வரும், உண்மை. ஆனால் அதைத் தாங்குவது நீங்களே கட்டிய, நீங்களே பார்த்துத் திருத்தக்கூடிய மென்னிரும்பு. லொறியின் சேசி தப்பிவிடும்.

ஊசித் துளை முனையை அப்படியே லொறியின் கொழுக்கியில் மாட்டி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். தட்டையான முனை கொழுக்கியின் வட்ட வாய்க்குள் சரியாக உட்காராது. பெட்டி மேலும் கீழும் ஆடும்போது முனை கொழுக்கித் தாடையை நெம்பும். வளையத்துக்குச் செலவழிக்க வேண்டிய இடம் இது.

மூக்கு உயரத்தைச் சரியாக எடுக்க வேண்டும். பழைய மாட்டு வண்டில் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் விழுந்தால் வண்டில் மாட்டின் கழுத்தைத் தூக்கும், முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தும். ஒற்றை அச்சுப் பெட்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பாரம் பின்னுக்குச் சரிந்து, வேகத்தில் பெட்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். மட்டமாக நிற்கும்படி வைத்து, பெட்டியின் மொத்த நிறையில் 5 முதல் 10 வீதம் வரை கொழுக்கியில் இருக்கும்படி ஏற்ற வேண்டும்.

குண்டுக் கொழுக்கி

கார், பிக்கப் வாகனங்களில் காணும் 50 மில்லிமீற்றர் குண்டு. சத்தமில்லாமல் இழுக்கும், இடைவெளி இருக்காது. ஆனால் பொதுவாக 3500 கிலோவுக்கு மேல் இதற்கு வேலை இல்லை. ஐரோப்பிய விதிப்படி குண்டின் நடு, நிலத்திலிருந்து 350 முதல் 420 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். சின்ன ட்ரெயிலர்கள் அதற்கேற்பத்தான் செய்யப்படுகின்றன. லொறியின் உயரத்துக்கு அரை மீற்றர் இறக்க வேண்டிவரும், மேலே சொன்ன நெம்புகோல் சிக்கல் இங்கும் வரும். ஃபைபர் படகோ சின்ன ஜெனரேற்றரோ மட்டும் இழுக்கிறீர்கள் என்றால் பாரம் குறைவு, இறக்கலாம். கொழுக்கியும் குண்டும் சேர்ந்த கூட்டுக் கொழுக்கியும் கிடைக்கிறது. இரண்டு வேலையும் அரைகுறையாகச் செய்யும் பொருள் அது, எனக்கு அதில் பிடிப்பில்லை.

பழுதான வாகனத்தை இழுக்கும் ஏ வடிவச் சட்டம் வேறு. அதன் வளைய முனை லொறியின் கொழுக்கியில், இரண்டு கால்களும் பழுதான வாகனத்தின் முன் பிடிகளில். கயிறு, சங்கிலியைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் முன் லொறி நிற்கும்போது பின்னது வந்து மோதாது. லொறியில் எந்த மாற்றமும் தேவைப்படாது.

நிறுத்துவது

கொழுக்கியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், என்னைக் கேட்டால் பணத்தில் பாதியையாவது பிரேக்குக்கு ஒதுக்கச் சொல்வேன். உழவு இயந்திரப் பெட்டிகள் பலவற்றில் பிரேக்கே இல்லை. உழவு இயந்திரம் மெதுவாக ஓடும் என்ற துணிவில் செய்தவை அவை. லொறி அப்படி ஓடாது. 25 கிலோமீற்றர் வேகத்தில் இருந்த பெட்டி 50 இல் ஓடும்போது, நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. பெட்டியின் டயரும் பேரிங்கும்கூட அந்த வேகத்தை நினைத்துப் போட்டவை அல்ல. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு றோட்டில் யானை குறுக்கே வந்தாலும், ஏ9 இல் மாடு படுத்திருந்தாலும், பிரேக் இல்லாத ஐந்து தொன் பெட்டி லொறியின் பின்பக்கத்தைத் தள்ளி ஒரு பக்கமாக மடக்கிவிடும். மார்கழி மழையில் சிவத்த கிரவலில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

காற்றுப் பிரேக் உள்ள இராணுவ லொறி என்றால் பின்னால் ட்ரெயிலருக்கான இரண்டு காற்று இணைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிவப்பு, காற்று வழங்கும் குழாய். மஞ்சள், லொறியில் பிரேக் மிதிப்பதைப் பெட்டிக்குச் சொல்லும் குழாய். பெட்டியின் அச்சில் பிரேக் டிரம்மும் காற்றுக் கலனும் வால்வும் பூட்டினால் லொறி மிதிக்கும்போது பெட்டியும் பிடிக்கும். கொழுக்கி விட்டுப் பெட்டி கழன்றாலும் சிவப்புக் குழாய் அறுந்தவுடன் பெட்டி தானாகப் பிரேக் பிடித்து நிற்கும். செலவு அதிகம், ஆனால் வேகமாகவும் பாரமாகவும் இழுக்க இதுதான் வழி. 3500 கிலோவுக்கு உட்பட்ட பெட்டிக்கு, லொறி மெதுவாகும்போது மூக்கு உள்ளே தள்ளுப்பட்டுத் தானே பிடிக்கும் தள்ளுப் பிரேக் போதும். இரண்டும் முடியாது என்றால் பிரேக் இல்லாத பெட்டியை உழவு இயந்திரத்தின் வேகத்திலேயே இழுங்கள், பாரத்தையும் பாதியாக்குங்கள்.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, கொழுக்கிக்குக் கீழே குறுக்காக. மூக்கு கழன்று விழுந்தால் நிலத்தில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும்.

விளக்கு விசயம் சுருக்கமானது. இராணுவ லொறி பொதுவாக 24 வோல்ட். பெட்டியில் 12 வோல்ட் பல்ப் இருந்தால் முதல் நாளே எரிந்துபோகும். 24 வோல்ட் பல்ப் மாற்றுவது எளிது. உழவு இயந்திரத்துக்கும் அதே பெட்டி போகும் என்றால் லொறிப் பக்கம் வோல்ட் குறைப்பான் ஒன்று பூட்டுங்கள். இரவில் பின் விளக்கோ ஒளிதெறிக்கும் தகடோ இல்லாமல் ஓடும் பெட்டிகள் வன்னி வீதிகளில் உயிரெடுப்பவை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. இல்லாததை வைத்து இயக்கிக் காட்டும் கை இங்குள்ள கராஜ்களில் இன்றும் இருக்கிறது, அந்தக் கையை நான் மதிக்கிறேன். மண்ணெண்ணெய் எஞ்சின் நின்றால் ஓட்டியவர் தள்ளிக்கொண்டு போனார். கொழுக்கி விட்டால் அதை வாங்குவது எதிரே சைக்கிளில் வரும் பிள்ளை. அந்தக் கெட்டிக்காரக் கையை உள்ள பொருளை ஒப்பேற்றுவதில் விடாமல், சரியான போல்ட்டும் வளையமும் தேடிப் பூட்டுவதில் செலவழிக்கக் கேட்கிறேன்.

ஆக, லொறியும் பெட்டியும் ஒருவருடையது அல்லது ஓர் அமைப்புடையது என்றால் பெட்டியின் மூக்கை மாற்றுங்கள், பெட்டிக்குக் காற்றுப் பிரேக் போடுங்கள். பெட்டி பிறருடையது என்றால் சாய்வுத் தாங்கிகளோடு போல்ட்டில் பூட்டிய தட்டு, உழவு இயந்திர வேகம். தண்ணீர் மட்டும் என்றால் தாங்கியை லொறியில் ஏற்றுங்கள். வட்டுவாகல் பழைய பாலம் மாதிரி ஒடுங்கிய இடத்தில் எதிரே வாகனம் வந்து பின்னுக்கு எடுக்க வேண்டி வந்தால், பெட்டி இல்லாத லொறியின் அருமை ஓட்டுநருக்குத் தெரியும்.

வேலையைத் தொடங்க முன் மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் பரிசோதகரோடு கதையுங்கள். லொறியின் புத்தகத்தில் என்ன பாவனைக்கு என்று பதிந்திருக்கிறது, பெட்டிக்குத் தனி இலக்கம் இருக்கிறதா, காப்புறுதி இழுவைக்கும் சேர்த்தா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். வரைந்த படம் ஒன்றைக் கையில் கொண்டுபோனால் பேச்சு இலகு. பூட்டி முடிந்து, பாரத்தோடு முதல் ஓட்டம் போய் வந்ததும் போல்ட் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். புதிதாகப் பூட்டிய இரும்பு முதல் குலுக்கலில் அமர்ந்து இளகும். ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிட்டால், இளகியதா இல்லையா என்று நாளாந்தம் குனிந்து பார்த்தே சொல்லலாம்.